தனிப்படகில் ஒரு நாள்: வெர்ஜின் தீவுகள்

கரீபியனில் தனிப்படகு எடுக்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, ஒரே நாளில் எத்தனை தீவு பார்க்கலாம் என்றுதான். விளம்பரங்களும் அந்தக் கேள்விக்கே பதில் சொல்கின்றன: நான்கு தீவு, ஐந்து கடற்கரை, நடுவே மதிய உணவு. இந்த அத்தியாயம் அதற்கு எதிரான ஒன்றைச் சொல்கிறது. ஒரு நாளுக்கு இரண்டு நிறுத்தங்கள் போதும். மூன்று என்பது மேல் எல்லை. தனிப்படகுக்குக் கொடுக்கும் பெரிய தொகை நமக்கு வாங்கித் தருவது ஓர் உரிமையை: அன்று காலைக் காற்றையும் அலையையும் பார்த்துவிட்டு, எங்கே போவது, எங்கே போகாமலிருப்பது என்று முடிவு செய்யும் உரிமை. மூன்று மாதம் முன்பே ஐந்து பெயர்களை எழுதிப் பூட்டிவிட்டால் அந்த உரிமை கைவிட்டுப் போகிறது. பிறகு மிஞ்சுவது, கூட்டம் குறைந்த ஒரு சுற்றுலாப் பேருந்துதான்.

இதை விளக்க வெர்ஜின் தீவுகளைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. புவெர்ட்டோ ரிக்கோவுக்குக் கிழக்கே, ஒன்றையொன்று கண்ணால் பார்க்கும் தொலைவில் சிதறிக் கிடக்கும் தீவுகள் இவை. மேற்கே செயின்ட் தாமஸும் செயின்ட் ஜானும், தெற்கே தள்ளி செயின்ட் குரோயும் அமெரிக்காவுக்குச் சொந்தம். 1917இல் டென்மார்க்கிடமிருந்து 2.5 கோடி டாலருக்கு வாங்கப்பட்டவை. கிழக்கே டோர்டோலா, வெர்ஜின் கோர்டா, ஜோஸ்ட் வான் டைக், நார்மன் தீவு, இன்னும் பல சிறு தீவுகள் பிரிட்டனின் ஆட்சிப் பகுதி. இரு பக்கமும் அமெரிக்க டாலரே செல்லும். செயின்ட் தாமஸின் கிழக்கு முனையிலுள்ள ரெட் ஹூக் துறையிலிருந்து செயின்ட் ஜானின் குரூஸ் பேக்குப் பயணிகள் படகு 20 நிமிடத்தில் போய்விடும். வரைபடத்தில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது. தவறான திட்டங்கள் தொடங்குவது அந்தத் தோற்றத்திலிருந்துதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரெட் ஹூக்கில் கிளம்பி, வெர்ஜின் கோர்டாவின் பாத்ஸ் பாறைக் கடற்கரை, அங்கிருந்து நார்மன் தீவின் குகைகள், பிறகு ஜோஸ்ட் வான் டைக்கின் ஒயிட் பே, திரும்ப ரெட் ஹூக் என்று ஒரு சுற்று வந்தால் குறைந்தது 50 கடல் மைல், அதாவது 90 கிலோமீட்டருக்குச் சற்று மேல். விசைப்படகு சராசரி 20 நாட் வேகத்தில் போனாலும் ஓட்டத்துக்கு மட்டும் இரண்டரை மணி நேரம். பிரிட்டிஷ் பக்கம் நுழையும்போது ஒருமுறை, அமெரிக்கப் பக்கம் திரும்பும்போது ஒருமுறை சுங்கமும் குடிவரவும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஒதுக்குவது நியாயம். எட்டு மணி நேர வாடகையில் மீதம் நான்கு மணி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் படகைக் கட்டி, குழந்தைகளுக்கு உயிர்காப்பு அங்கி மாட்டி, ஏணியில் இறங்கி, பிறகு எல்லோரையும் எண்ணி ஏற்ற 20 நிமிடமாவது கரையும். மூன்று நிறுத்தத்துக்கு ஒரு மணி. சாப்பாட்டுக்கு ஒரு மணி. கடைசியில் மூன்று புகழ்பெற்ற இடங்களுக்குமாகக் கையில் இருப்பது இரண்டு மணி நேரம், இடத்துக்கு 40 நிமிடம். பாத்ஸில் வீடளவு கருங்கற்பாறைகளுக்கு இடையே நுழைந்து, நீர்க்குட்டைகளைக் கடந்து, மரப்படி ஏறி டெவில்ஸ் பே வரை போய்வர மட்டும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. நான்காவது தீவையும் ஐந்தாவது கடற்கரையையும் இந்தக் கணக்கில் எங்கே நுழைப்பது?

இந்தக் கணக்கும் கடல் அமைதியாக இருக்கும் நாளுக்கானது. இங்கே ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்து வணிகக் காற்று வீசுகிறது. நம் மீனவர்கள் சொல்லும் கொண்டல் திசை. செயின்ட் தாமஸிலிருந்து பிரிட்டிஷ் தீவுகளுக்கு, குறிப்பாக வெர்ஜின் கோர்டாவுக்கு, போவது ஏறக்குறைய நேர் கிழக்கு. ஆகவே போகும் பயணம் முழுவதும் காற்றையும் அலையையும் முகத்தில் வாங்கிக்கொண்டு போவது. தீவு வரிசைகளுக்கு இடையே ஓடும் சர் பிரான்சிஸ் டிரேக் நீரிணை பெருங்கடலின் பெரிய அலைகளைத் தடுத்தாலும், காற்று கிளப்பும் குட்டை அலைகளைத் தடுப்பதில்லை. வேகப்படகு அவற்றின் மேல் ஏறி ஏறி விழும். முதுகுவலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் இப்படிப்பட்ட ஓட்டத்தைத் தவிர்ப்பதே நல்லது. முதியவர்களைப் படகின் முன்பகுதியில் உட்கார வைக்காமல் பின்பகுதியில் வைக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ‘கிறிஸ்துமஸ் காற்று’ என்று உள்ளூரில் அழைக்கப்படும் காற்று நாள்கணக்கில் 20 நாட் வேகத்துக்கு மேல் வீசுவதுண்டு. அந்த நாட்களில் ஒரு மணி நேர ஓட்டம் இரண்டு மணியாகும், வாந்தியும் சேரும். இதிலிருந்து ஓர் எளிய விதி கிடைக்கிறது: எங்கே போவதானாலும் கிழக்கே உள்ள இடத்துக்கு முதலில் போய்விட்டு, காற்றை முதுகில் வைத்துக்கொண்டு மேற்கே திரும்பி வர வேண்டும். களைத்த பிறகு வரும் ஓட்டம் மென்மையானதாக இருப்பது குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் பெரிய ஆறுதல். தலைசுற்றல் மாத்திரை போடுவதென்றால் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பெரிய பலன் இல்லை.

காற்றைவிட ஏமாற்றுவது வடக்கு அலை. குளிர்காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு அப்பால் வட அட்லாண்டிக்கில் உருவாகும் புயல்கள் கிளப்பும் நீண்ட அலைகள் ஆயிரம் மைலுக்கு மேல் உருண்டு வந்து இந்தத் தீவுகளின் வடக்குக் கரைகளில் உடைகின்றன. வானம் தெளிவாக இருக்கும், காற்றும் லேசாக இருக்கும். ஆனாலும் டோர்டோலாவின் கேன் கார்டன் பேயிலும், செயின்ட் ஜானின் டிரங்க் பேயிலும், திறந்த கடலைப் பார்த்திருக்கும் பாத்ஸிலும் நீந்திக் கரையேறுவது ஆபத்தாகியிருக்கும். பாத்ஸில் கடலின் நிலையைக் கொடிநிறத்தால் அறிவிக்கிறார்கள். சிவப்புக் கொடி ஏறினால் அன்று அங்கே படகு கட்டவோ நீந்தவோ கூடாது. கோடையில் சிக்கல் திசை மாறுகிறது. 2011 முதல் வெப்பமண்டல அட்லாண்டிக்கில் பெருகிவிட்ட சர்காசம் என்னும் மிதக்கும் கடற்பாசி, இளவேனில் தொடங்கிக் கோடை வரை கரீபியனுக்குள் திரளாக வந்து, கிழக்கையும் தெற்கையும் பார்த்த விரிகுடாக்களில் ஒதுங்கி அழுகுகிறது. அழுகிய முட்டை நாற்றம் அதிலிருந்து எழுவது. ஆக, ஜனவரியில் நல்ல கரை எதுவென்று கேட்டால் ஒரு பதில், ஜூலையில் கேட்டால் இன்னொரு பதில். அதே ஜூலையிலும் திங்களன்று சுத்தமாக இருந்த கரை வியாழனன்று பாசியால் மூடிக் கிடக்கலாம். புகைப்படத்தைப் பார்த்து மூன்று மாதம் முன்பே கடற்கரையைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள குறை இதுதான். புகைப்படம் எடுத்த நாளின் அலை நாம் போகும் நாளில் இருக்க வேண்டிய அவசியமில்லை.

இனி எல்லை. இந்திய பாஸ்போர்ட்டில் பயணம் செய்கிறவர்களும், வேலை விசாவில் அமெரிக்காவில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களும் இந்தப் பத்தியை மட்டுமாவது இருமுறை படிக்க வேண்டும். செயின்ட் தாமஸும் செயின்ட் ஜானும் அமெரிக்க மண். ஆனால் ஜோஸ்ட் வான் டைக்கில் கால் வைத்த கணமே அமெரிக்காவை விட்டு வெளியேறியவர் ஆகிறீர்கள்; நான்கு மணி நேரம் கழித்து நீச்சல் உடையோடு திரும்பினாலும் அது அமெரிக்காவுக்குள் புதிய நுழைவு. எச்-1பி ஒப்புதல் கடிதம் செல்லுபடியாக இருந்து, பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா மட்டும் காலாவதியாகியிருப்பவர்கள் ஏராளம். கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாட்களுக்குள் போய்த் திரும்பினால் அவர்களுக்கு ஒரு தளர்வு உண்டு. அதே தளர்வு கரீபியன் தீவுகளுக்கும் உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். அருகிலுள்ள தீவுகளுக்கான நீட்டிப்பு எஃப், ஜே விசாவில் இருக்கும் மாணவர்களுக்கும் பரிமாற்றப் பயணிகளுக்கும்தான், எச்-1பிக்கு இல்லை. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்கும் இதே சிக்கல். ஒரு பகல் நேர உல்லாசத்துக்காக வேலை, வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளி எல்லாவற்றையும் பணயம் வைப்பது தகாது. பிரிட்டிஷ் பக்கத்தின் நுழைவு விதி வேறு. உங்கள் பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் அது எப்படிப் பொருந்துகிறது என்று அந்தத் தீவுகளின் குடிவரவுத் துறையிடம் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கட்டுங்கள். படகு நிறுவனம் ‘எல்லோரும் போகிறார்கள்’ என்று சொல்வதைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. அவர்களுடைய வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். பிரிட்டிஷ் பக்கம் போகாவிட்டாலும் பாஸ்போர்ட்டைக் கொண்டுவர வேண்டும். செயின்ட் தாமஸிலிருந்து அமெரிக்கப் பெருநிலத்துக்கு விமானம் ஏறும்போது ஆவணச் சோதனை உண்டு.

காலமும் காற்றும் எல்லையும் சேர்ந்து என் முடிவை ஒரே திசையில் தள்ளுகின்றன. முதல் முறை வருகிறவர்கள், அதிலும் குழந்தைகளோடும் பெரியவர்களோடும் வருகிறவர்கள், செயின்ட் ஜானைச் சுற்றியே ஒரு நாளை அமைத்துக்கொள்ளலாம். அந்தத் தீவின் பாதிக்கு மேற்பட்ட நிலம் 1956இல் அமைக்கப்பட்ட தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் கரைகளில் ஓட்டல் கட்டடங்களின் நெருக்கம் இல்லை. அலையில்லாத நாளென்றால் காலையில் நேரே கிழக்கே போய் லைன்ஸ்டர் பேயில் வாட்டர்லெமன் என்ற சிறு திட்டைச் சுற்றி முகமூடியும் மூச்சுக்குழாயுமாக நீந்துங்கள். பிறகு மேற்கே திரும்பி மாஹோ பேயில் நில்லுங்கள். அங்கே அடியில் கடற்புல். அதை மேய வரும் பச்சை ஆமைகளை மூன்று நான்கு மீட்டர் விலகி நின்று பார்க்கலாம், தொடவோ துரத்தவோ கூடாது. வடக்கு அலை உடையும் நாளென்றால் அதே படகில் தெற்குப் பக்கம் லேம்ஷுர் பேக்கோ சால்ட் பாண்ட் பேக்கோ போகலாம், அல்லது செயின்ட் தாமஸுக்கு அருகே கிழக்குக் காற்று படாமல் ஒதுங்கியிருக்கும் கிறிஸ்துமஸ் கோவ் என்ற விரிகுடாவில் நிறுத்தலாம். எந்தப் பக்கம் என்பதைக் கிளம்பும் காலையில் கேப்டனோடு பேசித் தீர்த்துக்கொள்ளலாம். எல்லை இல்லை, வரிசை இல்லை, தண்ணீரில் கழிக்க ஐந்து மணி நேரம் இருக்கிறது.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது: வாழ்நாளில் ஒருமுறை வருகிறோம், பாத்ஸைப் பார்க்காமல் போவதா? பார்க்க வேண்டிய இடம்தான், ஐயமில்லை. ஆனால் அதைப் பட்டியலில் ஒரு வரியாக வைக்காமல் அன்றைய நாளின் நோக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆவணங்கள் சரியாக இருந்து, அலை தணிந்த நாளாகவும் அமைந்தால் காலையில் முதல் வேலையாகப் பாத்ஸ், திரும்பும் வழியில் காற்று முதுகில் இருக்க நார்மன் தீவோ கூப்பர் தீவோ ஒன்று, அவ்வளவுதான். பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளின் தேசியப் பூங்கா அறக்கட்டளையின் மிதவைகளில் பகலில் 90 நிமிடத்துக்கு மேல் படகைக் கட்டி வைக்கக் கூடாது என்பது விதி. அந்த 90 நிமிடமும் முழுதாகக் கையில் இருக்கும்படி நாளை அமைக்க வேண்டும். இன்னொன்றையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பாத்ஸில் சிறு படகைக் கரையில் ஏற்ற அனுமதியில்லை. கரைக்குச் சற்று முன்னால் கட்டியிருக்கும் கயிற்றில் அதைப் பிணைத்துவிட்டு மீதித் தூரத்தை நீந்தித்தான் கடக்க வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் இருக்கும் குடும்பத்துக்குப் படகு அங்கே பயன்படாது. அவர்கள் பயணிகள் படகில் வெர்ஜின் கோர்டாவின் ஸ்பானிஷ் டவுனுக்குப் போய், அங்கிருந்து டாக்சியில் மேலே இறங்கி, ஒற்றையடிப் பாதையில் கீழே நடந்து பாத்ஸை அடையலாம். பாறைகள் இரு வழியிலும் அதே பாறைகள்தான்.

இரண்டாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: இரண்டே இடத்துக்கு எதற்குத் தனிப்படகு, பயணிகள் படகும் டாக்சியும் போதாதா? சில இடங்களுக்குப் போதும். டிரங்க் பேயை மட்டும் பார்க்க விரும்புகிறவர் குரூஸ் பேயில் இறங்கி டாக்சி பிடிப்பதே சரி. அதற்காகத் தனிப்படகு எடுப்பது வீண்செலவு. படகின் விலைக்கு ஈடு கிடைப்பது சாலையும் பொதுப்படகும் போகாத இடங்களில்: நார்மன் தீவின் கடற்குகைகள், அதற்கு அருகே நீரிலிருந்து கூராக எழும் இண்டியன்ஸ் பாறைகள், ஜோஸ்ட் வான் டைக் பக்கம் ஆளில்லாத சாண்டி கே. கூட்டம் வருமுன் காலையில் ஒரு விரிகுடாவில் தனியே இருப்பதும், குழந்தை சோர்ந்தால் அரை மணியில் திரும்பிவிடுவதும் அதே கணக்கில் சேர்பவை. இந்த மூன்றில் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை என்றால் படகு வேண்டாம் என்பதே என் கருத்து.

எத்தனை பேர் போகலாம் என்பதில் சட்டம் குறுக்கிடுகிறது, அதைப் பலர் கடைசியில்தான் அறிகிறார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் சோதனைச் சான்று பெறாத சிறு படகு, கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்றக்கூடியவர்கள் பொதுவாக ஆறு பேர். கைக்குழந்தையும் ஒரு தலைதான். அதற்கு மேல் போனால் சான்று பெற்ற படகு வேண்டும். அல்லது படகை மட்டும் வாடகைக்கு எடுத்து, கேப்டனை நீங்களே தேர்ந்து தனியே அமர்த்திக்கொள்ளும் ஒப்பந்தம் வேண்டும், அதில் 12 பேர் வரை போகலாம். இரண்டாவது வகையில் அன்றைய நாளுக்குப் படகின் பொறுப்பு சட்டப்படி உங்களிடம் வருகிறது. எந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று படித்துப் பாருங்கள். இரண்டு குடும்பம் சேர்ந்து எட்டுப் பேராகிவிட்டால், ‘ஆறு என்று எழுதிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் அந்தப் படகில் ஏறாதீர்கள். விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காது. குழந்தைகளின் வயதையும் எடையையும் முன்பே எழுதி அனுப்பி, அவர்கள் அளவுக்கு அங்கி இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்; பெரியவர் அங்கியை இறுக்கிக் கட்டிச் சமாளித்தால், குழந்தை நீரில் விழும்போது அது தலைக்கு மேலே உருவிக்கொண்டு போகும்.

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. அமெரிக்க வெர்ஜின் தீவுகளில் 2020 மார்ச் முதல் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட், ஆக்டோக்ரிலீன் மூன்றில் ஏதேனும் ஒன்று கலந்த வெயில் களிம்புகளுக்கும் தடை; துத்தநாக ஆக்சைடு களிம்பும் முழுக்கைச் சட்டையும் போதும். 2019இல் செயின்ட் தாமஸ் அருகே கண்டறியப்பட்ட திசுச்சிதைவு நோய் இங்குள்ள பவளப் பாறைகளில் பரவிப் பெருஞ்சேதம் செய்திருக்கிறது. மிஞ்சியிருப்பதன் மேல் நாம் துடுப்புக் காலை ஊன்றுவதோ நங்கூரம் போடுவதோ மன்னிக்க முடியாதது. மிதவை எல்லாம் நிரம்பிவிட்டது என்றால் அடுத்த விரிகுடாவுக்குப் போகச் சொல்லுங்கள். கரையோரத்தில் சிறு பச்சை ஆப்பிள் போலக் காய்க்கும் மாஞ்சினீல் மரத்தின் காயைக் கடிக்கவும் கூடாது, மழைக்கு அதன் கீழே ஒதுங்கவும் கூடாது. அதன் பால் பட்ட தோல் கொப்பளிக்கும். சைவர்கள் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோவது நிம்மதி. கடற்கரை உணவகங்களில் மீனும் சங்குச்சதையும் கோழியும்தான் பிரதானம். மது அருந்துகிறவர்கள் கடைசி நீச்சலையும் முடித்த பிறகு அருந்தட்டும். ஒயிட் பேயில் கிடைக்கும் பெயின்கில்லர் என்ற ரம் பானம் பழச்சாறு போல இறங்கினாலும் படகின் ஏணியில் ஏறும்போது வேலையைக் காட்டும்.

கடைசியாக ஒப்பந்தம். விளம்பரத்தில் போட்டிருக்கும் வாடகையில் எரிபொருள், பிரிட்டிஷ் பக்கச் சுங்கக் கட்டணங்கள், கேப்டனுக்கு 15 முதல் 20 விழுக்காடு அன்பளிப்பு ஆகியவை பெரும்பாலும் சேராது; 2025இல் பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளின் அரசு வெளிப்படகுகளுக்கான உரிமக் கட்டணத்தை உயர்த்திய பிறகு எல்லை தாண்டும் பயணத்தின் செலவு இன்னும் கூடியிருக்கிறது. இவற்றையெல்லாம்விட முக்கியமான வரி ஒன்று உண்டு: வானிலை காரணமாகக் கேப்டன் பயணத்தை ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா, வேறு நாள் மட்டும் தரப்படுமா, இடத்தை மாற்றினால் கட்டணம் மாறுமா? புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 2017 செப்டம்பர் 6 அன்று இர்மா புயல் இந்தத் தீவுகளை ஐந்தாம் வகை வேகத்தில் தாக்கியது. 1867இல் ரோன் என்ற அஞ்சல் கப்பல் புயலில் சிக்கிச் சால்ட் தீவருகே 120க்கும் மேற்பட்டோரோடு மூழ்கியதோ அக்டோபர் 29 அன்று. புயல் காலம் கடந்துவிட்டது என்று நம்பக்கூடிய தேதி அது. பணம் திரும்பாது என்று கையெழுத்திட்டவர் மோசமான காலையிலும் ‘போயே ஆக வேண்டும்’ என்று கேப்டனை நெருக்குவார். பணம் பாதுகாப்பாக இருக்கிறது என்று தெரிந்தவரோ கேப்டன் வேண்டாம் என்றால் கேட்டுக்கொள்வார். ஆகவே ரத்து விதி எழுத்தில் தெளிவாக இல்லாத நிறுவனத்துக்கு, அதன் படகு எவ்வளவு அழகாக இருந்தாலும், முன்பணம் அனுப்பாதீர்கள். தீவில் தங்கும் முதல் இரண்டு நாட்களுக்குள் படகு நாளை வைத்துக்கொள்ளுங்கள். காற்று ஒத்துழைக்காவிட்டால் மாற்றிக்கொள்ளப் பின்னால் நாட்கள் இருக்கும்.